பொடக்காணிக்கு ஒரு மரமேடை

வீட்டில் துவைப்பது, அலசுவது, துணி மடிப்பது, இஸ்திரி போடுவது, மாவரைப்பது போன்ற வேலைகளை நின்றபடி செய்ய இடுப்பளவு உயரத்தில் அமைக்கும் பலகைப் பரப்பே மரமேடை. கொங்கு வட்டாரத்தில் வீட்டின் பின்பக்கத்தைப் பொடக்காணி என்பார்கள். துவைகல், தண்ணீர்த் தொட்டி, பாத்திரம் விளக்கும் இடம் எல்லாம் அங்கேதான். புதிதாகக் கட்டும் வீடுகளில் அந்தப் பொடக்காணி கூரைக்குள் வந்துவிட்டது. வரைபடத்தில் ‘யூட்டிலிட்டி’ என்ற பெயரோடு சமையலறைக்குப் பின்னால் ஒண்டி நிற்கும் சின்ன அறை அது. இடம் குறைவு, வேலை அதிகம். கடையில் ஒரே அளவில் விற்கும் மேசை அங்கே பொருந்துவதில்லை. சுவருக்கும் இயந்திரத்துக்கும் ஆளுக்கும் ஏற்ப அளவெடுத்துச் செய்தால்தான் பொருந்தும்.

நாமக்கல் மாவட்டத்துக் குமாரபாளையம், காவிரியின் கிழக்குக் கரையில் பவானிக்கு எதிரே இருக்கும் நெசவு ஊர். சித்திரையில் இங்கே காற்று காய்ந்து கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் துணி காயாத அளவுக்கு ஈரம் ஏறும். பருத்தி நூல் இந்த மாற்றத்துக்கு ஏற்ப நடந்துகொள்வதை நெசவு வீடுகள் நன்றாக அறியும். காற்று காய்ந்தால் பாவு நூல் அறும், ஈரம் இருந்தால் தாங்கும். பருத்தி கிட்டத்தட்ட முழுக்கச் செல்லுலோஸ். மரத்திலும் ஏறக்குறைய பாதி அதே செல்லுலோஸ்தான். நூலைப் போலவே மரமும் காற்றிலிருந்து ஈரத்தை வாங்கும், திருப்பிக் கொடுக்கும். வாங்கும்போது விரியும், கொடுக்கும்போது சுருங்கும். மரத்தை அறுத்துப் பல ஆண்டுகள் ஆன பின்னும் இது நிற்பதில்லை. மேடை செய்யும் வேலையில் பாதி, இந்த அசைவுக்கு இடம் விடுவது. மீதிப் பாதி, தண்ணீர் மரத்துக்குள் இறங்காமல் காப்பது.

கருங்கல் இருக்க மரம் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. தமிழ்நாட்டுச் சமையலறைகளில் கிரானைட் பலகைதான் வழக்கம். ஓயாமல் தண்ணீர் புழங்கும் இடத்துக்கு அதுவே ஏற்றது. ஆனால் துணி மடிக்கவும் இஸ்திரி போடவும் தைக்கவும் மரப்பரப்பு இதமானது. கண்ணாடிச் சாமானோ பீங்கானோ கை தவறினால் மரத்தில் தப்பிக்க வாய்ப்புண்டு, கல்லில் அது குறைவு. மரத்தை அந்த இடத்திலேயே வெட்டலாம், துளையிடலாம். கீறல் விழுந்தால் இழைத்துப் புதிதாக்கலாம். அலசும் தொட்டி (சிங்க்) இருக்கும் பக்கம் கல்லும், மற்ற பக்கம் மரமும் என்று பிரித்துக்கொள்வது பல வீடுகளுக்குப் பொருந்தும்.

அளவெடுத்தல்

முதலில் உயரம். மேடையில் அதிகம் வேலை செய்பவர் முழங்கையை மடக்கி நிற்க, தரையிலிருந்து முழங்கை வரை அளந்து அதில் 4 அங்குலம் கழித்தால் வருவது வசதியான உயரம். 5 அடி உயரமுள்ளவருக்கு இது ஏறக்குறைய 34 அங்குலம். 5 அடி 6 அங்குலம் உள்ளவருக்கு 37 அங்குலத்தைத் தாண்டும். மேடை தாழ்வாக இருந்தால் இடுப்பு வலிக்கும், உயர்ந்தால் தோள் வலிக்கும். ஊருக்கெல்லாம் ஒரே அளவு என்பது இதில் இல்லை.

அடுத்தது துவைக்கும் இயந்திரம். முன்பக்கம் கதவு உள்ள இயந்திரத்தைத்தான் மேடைக்கு அடியில் வைக்க முடியும். மேலே மூடி திறக்கும் இயந்திரம் மேடைக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும். முன்கதவு இயந்திரங்கள் பெரும்பாலும் 85 செ.மீ. உயரமும் 60 செ.மீ. அகலமும் உள்ளவை. 85 செ.மீ. என்பது 33½ அங்குலம். மேடையின் அடிப்பாகம் இயந்திரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் சுழலும்போது வரும் அதிர்வு முழுதும் பலகைக்கு ஏறும். அரை அங்குலம் இடைவெளி விட்டு, மேலே 1¼ அங்குலப் பலகை வைத்தால் மேடையின் மேல்மட்டம் 35¼ அங்குலத்துக்கு வந்துவிடும். உயரம் குறைந்தவருக்கு இது சற்று அதிகம். இயந்திரத்தின் மேல் உள்ள பகுதியைத் துணி வைக்க மட்டும் விட்டு, வேலை செய்யும் பகுதியை 34 அங்குலத்தில் தனி மட்டமாக அமைப்பது இதற்கு நல்ல தீர்வு. ஒரே மட்டம்தான் வேண்டும் என்றால் நிற்கும் இடத்தில் ஒன்றரை அங்குல மிதிபலகை போடலாம்.

அகலத்துக்கு 24 அங்குலம் போதும். இயந்திரத்தின் பின்னால் தண்ணீர்க் குழாய்க்கும் கழிவுக் குழாய்க்கும் இடம் வேண்டும் என்பதால், இயந்திரத்தின் ஆழத்தோடு குழாய்க்கு 3 அங்குலமாவது சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

பூச்சு வேலை முடிந்த சுவர் கண்ணுக்கு நேராகத் தெரியும். மூலைமட்டம் வைத்தால் உண்மை தெரிந்துவிடும். 6 அடி நீளத்துக்குள் சுவர் அரை அங்குலம் உள்ளே வெளியே போவது சாதாரணம். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து, சுவரோடு ஒட்டி வைத்து, வளைவையும் மூலையையும் அப்படியே வெட்டி எடுத்துக்கொண்டால் பட்டறையில் அதை வைத்துப் பலகையை அறுக்கலாம். நாடாவில் குறித்த எண்ணைவிட இந்த அட்டை நம்பகமானது.

மரம் தேர்வு

ஈரம் புழங்கும் இடத்துக்குத் தேக்குக்கு இணை தேக்குதான். அதன் வைரப் பகுதியில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் கரையானும் பூஞ்சையும் எளிதில் அண்டுவதில்லை. மற்ற மரங்களைவிடச் சுருக்கமும் குறைவு. இந்திய மரங்களின் தரத்தை ஒப்பிடும்போது தேக்கை 100 என்று வைத்து மற்றவற்றுக்கு மதிப்பெண் இடும் முறை, டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் வழக்கமே. மரவாடிகளில் வாய்க்கால் கரையிலும் வரப்பிலும் வளர்ந்த நாட்டுத் தேக்கும் கிடைக்கும். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து தூத்துக்குடி வழியாக வரும் இறக்குமதித் தேக்கும் கிடைக்கும். எதுவானாலும் பார்க்க வேண்டியது வைரம் எவ்வளவு என்பதைத்தான். பலகையின் ஓரத்தில் வெளிறிய நிறத்தில் இருப்பது இளம்பகுதி. அது தேக்கிலும் உளுத்துப்போகும். வைரம் பாயாத தேக்கைவிட வைரம் பாய்ந்த வேறு மரம் மேல்.

வேம்பு வலுவானது, பூச்சி அரிக்காது. ஆனால் ரேகை பின்னிப் பின்னி ஓடுவதால் இழைக்கும்போது சிராய் பெயரும். நன்றாகக் காயாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வாகை கரும்பழுப்பு நிறத்தில் அழகாக இருக்கும், உழைக்கும். பூவரசும் பலாவும் நல்ல மேடை மரங்கள். மாமரமும் ரப்பர் மரமும் விலை குறைவு. ஆனால் மருந்தேற்றாத பலகையில் உளு வண்டு துளைத்து மாவாக்கிவிடும், தண்ணீரும் தாங்காது. துண்டு துண்டாக ஒட்டிய ரப்பர் மரப் பலகை கடைகளில் ஆயத்தமாகவே கிடைக்கும். அதைத் தொட்டியிலிருந்து தள்ளியுள்ள, உலர்ந்த பகுதிக்கு மட்டும் பயன்படுத்தலாம். ஒட்டுப்பலகைதான் வேண்டும் என்றால் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் வாங்க வேண்டும். மரத்தூளையும் சீவலையும் அழுத்திச் செய்த பலகைகள் ஈரம் பட்டால் ஊதிவிடும். இந்த அறைக்கு அவை ஆகாது.

பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் நிலையும் கதவும் மேடைக்கு அருமையான மரம். பல பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்து அடங்கிய மரம் அது. ஆனால் அதற்குள் பழைய ஆணிகள் மறைந்திருக்கும். அறுப்பதற்கு முன் காந்தத்தை மேலே ஓட்டிப் பார்த்துப் பிடுங்கிவிட வேண்டும். ஒரே ஓர் ஆணி, ரம்பத்தின் பல்லையும் அறுப்பவரின் கையையும் கெடுத்துவிடும்.

6 அடி நீளம், 2 அடி அகலம், இழைக்கும் முன் 1½ அங்குலக் கனம் என்றால் 1½ கன அடி மரம் ஆகிறது. அறுப்பு, இழைப்பு, கணு, வெடிப்பு ஆகியவற்றில் போகும் சேதாரத்தைச் சேர்த்து 2 கன அடி வாங்குவது நல்லது. இழைத்து முடித்த 1¼ அங்குலத் தேக்கு மேடை ஏறக்குறைய 23 கிலோ இருக்கும்.

ஈரம் அடங்குதல்

வெட்டியவுடன் மரத்தின் உள்ளே நிறையத் தண்ணீர் இருக்கும். அது வெளியேறி, வைக்கப்போகும் இடத்தின் காற்றோடு சமநிலைக்கு வந்த பிறகே வேலை தொடங்க வேண்டும். அறுத்த பலகைகளை நிழலில், தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே ஒரே கனமுள்ள குச்சிகளை வைத்து அடுக்குவார்கள். காற்று நான்கு பக்கமும் புகுந்து போகும். பலகையின் இரு முனைகளிலும் பெயிண்ட் அடித்து வைத்தால் முனை வெடிக்காது. வெயிலில் போட்டால் வேகமாகக் காயும் என்பது தவறான எண்ணம். மேற்புறம் காய்ந்து உட்புறம் ஈரமாக இருந்தால் பலகை வெடிக்கும்.

மரம் காய்ந்துவிட்டதா என்று பார்க்க மின்கருவி உண்டு. அது இல்லாவிட்டாலும் ஒரு தராசு போதும். பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து எடை போட வேண்டும். 100 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். அதை ஓவன் அடுப்பில் 100 டிகிரிக்குச் சற்று மேல், எடை இனிக் குறையாது என்ற நிலை வரும்வரை காயவைத்து மறுபடி எடை போடும்போது 89 கிராம் வந்தது என்றால், போன தண்ணீர் 11 கிராம். 11ஐ 89ஆல் வகுத்தால் 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். சேலம், நாமக்கல் சமவெளியின் வீட்டுக்குள் வைக்கும் பலகைக்கு 10 முதல் 12 விழுக்காடு பொருத்தமான அளவு. பட்டறையிலிருந்து வந்த பலகைகளை இரண்டு மூன்று வாரம் அந்த வீட்டுக்குள்ளேயே அடுக்கி வைத்துப் பிறகு ஒட்டினால் பின்னால் வரும் தொல்லை பெருமளவு குறையும்.

எவ்வளவு அசையும் என்பதைக் கணக்கிட்டே சொல்லலாம். நீளவாக்கில் மரம் அசைவது மிகச் சொற்பம். அசைவெல்லாம் அகலத்தில்தான். 24 அங்குல அகலத் தேக்கு மேடையின் ஈரம் கோடையில் 8 விழுக்காடாக இருந்து மழைக்காலத்தில் 13 ஆனால், மரத்தின் வளர்ச்சி வளையங்கள் பலகைப் பரப்போடு படுத்தவாறு அறுத்த மரம் ஏறக்குறைய 5½ மி.மீ. விரியும். வளையங்கள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தது 3 மி.மீ. மட்டுமே விரியும். விலை கூடினாலும் இரண்டாம் வகைப் பலகையைத் தேடி வாங்குவதற்குக் காரணம் இதுதான்.

ஒட்டும் வேலை

2 அடி அகலத்தில் ஒரே பலகை கிடைத்தாலும் அது மேடைக்கு ஏற்றதல்ல, வளைந்துவிடும். 2½ முதல் 3 அங்குல அகலப் பட்டைகளாக அறுத்து, பக்கவாட்டில் ஒட்டிச் சேர்ப்பதே முறை. பட்டையின் முனையைப் பார்த்தால் வளையங்கள் வில் போலத் தெரியும். ஒரு பட்டையில் வில் மேல்நோக்கி இருந்தால் அடுத்ததில் கீழ்நோக்கி வைக்க வேண்டும். ஒன்று வளைய முயலும் திசையை மற்றது தடுத்து, பரப்பு மொத்தத்தில் மட்டமாக நிற்கும்.

மேடையின் ஆயுள் இந்த இணைப்பில் இருக்கிறது. இரண்டு பட்டைகளின் விளிம்பையும் இழைப்புளியால் இழைத்து, ஒன்றன்மேல் ஒன்று நிறுத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்ப்பார் ஆசாரி. நடுவிலே தலைமயிர் அளவு ஒளிக்கோடு தெரிந்தாலும் மறுபடி ஒரு சீவல். இழைப்புளியின் வாயிலிருந்து முனை முதல் முனை வரை அறாமல் ஒரே சுருளாகச் சீவல் வந்தால் விளிம்பு நேராகிவிட்டது என்று பொருள். இடுக்கை அழுத்தி நெருக்கிச் சேர்த்த இணைப்பு, பின்னால் என்றாவது ஒரு கோடையில் வாய் பிளக்கும். கைவைத்த மாத்திரத்தில் ஒளியில்லாமல் சேரும் இணைப்பே நிற்கும்.

தேக்கில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் விளிம்பைத் தின்னர் தோய்த்த துணியால் துடைக்க வேண்டும். பசை, தண்ணீர் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். சாதாரண வெள்ளைப் பசை ஈரத்தில் இளகிவிடும். இரண்டு விளிம்பிலும் மெல்லியதாகப் பூசி, 9 அல்லது 10 அங்குலத்துக்கு ஒன்றாக இறுக்கிகளை ஒன்று மேலும் அடுத்தது கீழும் மாற்றி மாற்றிப் போட்டால் பலகை ஒரு பக்கமாகத் தூக்காது. இணைப்பு நெடுகிலும் சிறு முத்துகளாகப் பசை வழிந்தால் அளவு சரி. ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட வேண்டும்.

பசை காய்ந்ததும் இரு பக்கமும் இழைத்து, 80, 120, 180 எண் உப்புத்தாள்களை வரிசையாகப் போட வேண்டும். கடைசியில் ஈரத்துணியால் ஒரு முறை துடைத்தால் படிந்திருந்த நார்கள் எழுந்து நிற்கும். காய்ந்த பின் மறுபடி 180 உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துவிட்டால், பிறகு தண்ணீர் பட்டாலும் பரப்பு சொரசொரக்காது.

விளிம்பும் தொட்டியும்

முன்விளிம்பின் மேல்முனையை உருட்டிவிட வேண்டும். கூர்மையான முனையில் எந்தப் பூச்சும் நிற்காது, தேய்ந்து முதலில் அங்கேதான் தண்ணீர் புகும். பலகை அலமாரி முகப்பைவிட ஓர் அங்குலம் வெளியே நீண்டிருக்க, அதன் அடிப்பக்கத்தில் விளிம்பிலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளி நீளவாக்கில் ஒரு சிறு காடி எடுப்பது சிறந்த பழக்கம். மேடையிலிருந்து வழியும் தண்ணீர் அடிப்பக்கமாக ஊர்ந்து உள்ளே போகாமல் அந்தக் காடியில் அறுபட்டுச் சொட்டிவிடும். சன்னல் சஜ்ஜாவின் அடியில் கொத்தனார் விடும் வாய்க்காலும் இதே வேலையைத்தான் செய்கிறது.

மரத்திலேயே தொட்டி பொருத்துவதானால், தொட்டியின் விளிம்பு பலகையின் மேல் உட்காரும் வகையே பாதுகாப்பு. அடியில் ஒட்டும் வகையில் வெட்டிய மரமுனை வெளியே தெரியும், தண்ணீர் நேராக அதில் படும். மரத்தின் குறுக்கு வெட்டு முனை, பரப்பைவிடப் பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். மரம் உயிரோடு இருந்தபோது நீரை மேலேற்றிய குழல்கள் அங்கே வாய் திறந்து நிற்கின்றன. எனவே தொட்டிக்காக வெட்டிய ஓட்டையின் சுற்று முழுதும் மூன்று நான்கு முறை பூச்சு ஏற வேண்டும். ஓட்டையின் நான்கு மூலைகளிலும் முதலில் ஓர் அங்குல வட்டத்துளை போட்டு, அவற்றுக்கு இடையே அறுத்தால் மூலையிலிருந்து வெடிப்பு ஓடாது.

பூச்சு

பூச்சில் இரண்டு வழிகள் உண்டு. பாலியூரித்தேன் பலகையின் மேல் படலமாக நிற்கும். தண்ணீரை நன்றாகத் தடுக்கும். ஆனால் ஓரிடத்தில் படலம் கிழிந்து அடியில் ஈரம் புகுந்தால் அந்தப் பகுதி வெளுத்துப் பெயரும், மொத்தத்தையும் சுரண்டித்தான் சரிசெய்ய வேண்டும். லின்சீட் எண்ணெய் போன்ற காயும் எண்ணெய்கள் மரத்துக்குள் இறங்கி, காற்றோடு சேர்ந்து கெட்டியாகும். காப்பு சற்றுக் குறைவுதான். ஆனால் தேய்ந்த இடத்தில் மட்டும் மறுபடி தடவிக்கொள்ளலாம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், வேப்பெண்ணெய் இவை காயா. பிசுக்காகவே இருந்து தூசியைப் பிடிக்கும்.

எண்ணெயை மெல்லியதாகத் தடவி, கால் மணி நேரம் ஊற விட்டு, மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். நான்கைந்து கை, ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நாளாவது காய வேண்டும். அடிப்பக்கத்துக்கும் மேல்பக்கத்துக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச வேண்டும். மேலே மட்டும் பூசினால் அடிப்பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கிப் பலகை குவிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக முக்கியம். லின்சீட் எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் ஏறி, தீக்குச்சி இல்லாமலே துணி பற்றிக்கொள்ளும். வீட்டோடு தறிக்கூடம் இருக்கும் குமாரபாளையம் போன்ற ஊர்களில், துடைக்கக் கைக்குக் கிடைப்பது கழிவு நூலும் பஞ்சும்தான். தீ பிடிக்க அதைவிட எளிய பொருள் இல்லை. துடைத்த துணியையும் நூலையும் அன்றே தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

பொருத்துதல்

மேடையைத் தாங்க அரைச்செங்கல் சுவரோ, இரும்புச் சதுரக் குழாய்ச் சட்டமோ, மரச்சட்டமோ அமைக்கலாம். 2½ அடிக்கு ஒரு தாங்கல் வேண்டும். மரக்கால் வைத்தால் அதன் அடிமுனை ஈரத்தரையைத் தொடக் கூடாது. பழைய வீட்டுத் திண்ணைகளில் மரத்தூணைக் கல் பீடத்தின் மேல் நிறுத்தியதும் இதற்காகத்தான். இரண்டு அங்குலக் கல் துண்டோ பிளாஸ்டிக் பாதமோ போதும். ரசமட்டம் வைத்து மட்டம் பார்த்த பிறகே பலகையை ஏற்ற வேண்டும்.

பலகையைச் சட்டத்தோடு இறுக்கும்போதுதான் பெரும்பாலான மேடைகள் கெடுகின்றன. முன்னும் பின்னும் திருகாணியால் முடுக்கிவிட்டால் சுருங்க இடமில்லாமல் பலகை நடுவே வெடிக்கும். சுவரோரம் உள்ள வரிசையில் மட்டும் இறுக்கமாகவும், நடுவிலும் முன்பக்கமும் நீள்துளை உள்ள எல் வடிவத் தகடுகளிலும் திருகாணி போட வேண்டும். நீள்துளை சுவரிலிருந்து முன்நோக்கி, அதாவது பலகையின் அகலவாக்கில் இருக்க வேண்டும். அப்போது பலகை முன்பக்கமாக விரிந்து சுருங்கும். சுவருக்கும் பலகைக்கும் இடையே விட்ட சிறு இடைவெளியைச் சிலிக்கோன் போட்டு அடைத்தால், அது ரப்பர் போல நெகிழ்ந்து கொடுக்கும். சிமெண்ட் வைத்து அடைத்தால் விரிசல் விடும்.

பராமரிப்பு

தண்ணீர் சிந்தினால் துடைப்பதுதான் முதல் காப்பு. ஈர வாளியை மேடையில் இரவு முழுக்க வைக்கக் கூடாது. இரும்பு வாளியானால் மறுநாள் கறுப்பு வளையம் இருக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்புச் சாயம் வரும் என்பது சாயத்தொழிலில் பழைய பாடம். கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் மரத்திலும் இருப்பதால் மேடையிலும் அதே கறுப்பு விழுகிறது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசலை, கையுறை அணிந்துகொண்டு, கறையின் மேல் தடவி, பிறகு தண்ணீரால் நன்றாகத் துடைத்தெடுத்தால் போகும். சோப்புத்தூளும் சலவைச் சோடாவும் காரத்தன்மை உள்ளவை, எண்ணெய்ப் பூச்சைத் தின்றுவிடும். சிந்திய தூளை ஈரமாவதற்குள் கூட்டி எடுப்பது நல்லது.

மேடைக்கு மறுபடி எண்ணெய் எப்போது என்பதை ஒரு துளித் தண்ணீர் சொல்லிவிடும். துளி முத்தாக உருண்டு நின்றால் பூச்சு இருக்கிறது. பரவி உள்ளே இறங்கினால் எண்ணெய் தடவும் நேரம். ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் போதும். இஸ்திரிப்பெட்டியின் தீய்ந்த தடம், கீறல், கறை எல்லாம் பரப்பில் ஒரு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். இழைத்து எண்ணெய் பூசினால் புதுப் பலகை. 1¼ அங்குலக் கனத்தில் இப்படிப் பலமுறை இழைக்க மரம் மிச்சம் இருக்கும். திருகாணியைக் கழற்றினால் பலகை தனியாக வந்துவிடும் என்பதால், வீடு மாறும்போது அட்டையை மறுபடி வெட்டி, புதுச் சுவருக்கேற்ப ஓரத்தைச் சீவிப் பொருத்திக்கொள்ளலாம்.